முருங்கைக்காய்ச் சக்கையை வாசித்த மச்சாளுக்கு

மச்சாள்,

வெள்ளவத்தைக் கடல் சாட்சியாக, கடலோரம் ஓடும் ரயில் சாட்சியாக, காலி வீதியில் எனக்கு வழிவிட்ட பஸ்களும் விடாத பஸ்களும் சாட்சியாக, நான் இன்றைக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். இதை ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒரு சொல் குறையாமல் சொல்வேன் என்று இத்தால் பிரகடனம் செய்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் இந்த இடத்திலேயே குசினிக்குள்ளிருந்து குரல் வந்திருக்கும்: "புளுகர் வெளிக்கிட்டிட்டார். பிள்ளையள், காதைப் பொத்துங்கோ!" இப்போது நீங்கள் குறுக்கே பேசமுடியாத தூரத்துக்குப் போய்விட்டீர்கள். அந்தத் தைரியத்தில்தான் பேனையை எடுத்தேன்.

மத்தியானம் லிஃப்டில் வந்துகொண்டிருந்தேன். மூன்றாம் மாடியில் நின்று கதவு திறந்தது. ஏற ஆளில்லை. வாசம் மட்டும் ஏறியது. முருங்கைக்காய்க் குழம்பு. வறுத்த தூளும், இறக்கும்போது விட்ட முதற்பாலும், ஒரு கிள்ளு பெருஞ்சீரகமும். யாரோ பெண்பிள்ளை, எனக்குத் தெரியாத ஒருத்தி, உங்கள் கையை இரவல் வாங்கிச் சமைத்திருக்கிறாள். நான் இறங்கவேண்டிய மாடியைத் தவறவிட்டு மேலே போய், கீழே வந்து, திரும்ப மேலே போனேன். என்னோடு ஏறிய கிழவர் பயந்துபோனார். அவர் என்னைவிட இளையவர் என்பது வேறு கதை.

நீங்கள் எனக்கு மாமன் மகள். என் அண்ணனைக் கட்டியபடியால் அண்ணி. இந்த இரண்டில் எது வசதியோ அந்த முறையில் என்னைத் திட்டும் உரிமை உங்களுக்கு இருந்தது. அதைக் குறைவில்லாமல் பாவித்தீர்கள்.

உங்கள் வீட்டின் அரசியலமைப்பில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது: எச்சில். தண்ணீர் குடிப்பதென்றால் அண்ணாந்து, செம்பு உதட்டில் படாமல், நீர்வீழ்ச்சி விழுகிறமாதிரி விழுத்தவேண்டும். அந்தப் பயிற்சியில்தான் எங்கள் குடும்பத்து ஆண்கள் எல்லாரும் நீச்சல் பழகினோம். ஒருநாள் என் உதடு பட்டுவிட்டது என்று ஒரு நல்ல செம்பைச் செவ்வரத்தைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற என்று நாடுகடத்தினீர்கள். அந்தச் செம்பு சாகும்வரை வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை. நீங்கள் பெற்ற பிள்ளை கடித்த மாம்பழத்தைக்கூட நீங்கள் தொட்டதை நான் காணவில்லை. சோறு சாப்பிட்ட கோப்பையை அவரவரே கழுவவேண்டும். மற்றவன் சப்பியதை உங்கள் கண் பார்க்கக்கூடாது.

அதனால்தான் அண்ணன் உங்களுக்கு ஒரு தீராத சோதனை. முருங்கைக்காயைச் சப்பிவிட்டு எல்லாரையும்போல ஒரு மூலையில் துப்பிவிட்டு எழும்புகிற ஆளா அவர்? ஒவ்வொரு துண்டையும் மூன்றாகப் பிளந்து, சதையைப் பல்லால் வழித்து, சக்கையை, விறகு விற்கிற இடத்தில் அடுக்குகிறமாதிரி, குறுக்கும் நெடுக்குமாகக் கோப்பையில் அடுக்குவார். அடுக்கி முடித்துவிட்டுக் கொஞ்சநேரம் அழகு பார்ப்பார்.

"இஞ்சேருங்கோ, சாப்பிடுறியளோ, விறகுகாலை நடத்திறியளோ?"

"எதுக்கும் ஒரு ஒழுங்கு வேணுமப்பா."

"உந்த ஒழுங்கைப் பாக்க எனக்கு வயித்தைப் பிரட்டுது. மச்சான், நீராவது சொல்லுமன்!"

நான் எதற்குச் சொல்ல? எனக்கு அது தினமும் இலவசப் படக்காட்சி.

பிறகு அந்தக் கிழமை வந்தது. நகரத்தில் குண்டு வெடித்த கிழமை. யுத்தகாலத்தில் அப்படியான கிழமைகளில் கொழும்புத் தமிழ் ஆண்கள் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்து, வாயை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போவார்கள். அண்ணன் புறக்கோட்டை இரும்புக்கடையில் கணக்கெழுதும் கிளாக். அவருடைய சிங்களம், ஐயா என்கிற "மாத்தயா" என்று தொடங்கி "மாத்தயா" என்று முடியும். இடையில் ஒன்றும் கிடையாது. வேலை முடிந்து வரும்போது பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கினார்கள். பக்கத்துக் கடை முஸ்லிம் நானா அதே பஸ்ஸில் வந்தவர். வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமல், மெதுவாகச் சொன்னார்: "ஜீப்புல ஏத்தினத்த என்ட கண்ணால கண்டேன், தங்கச்சி. நம்ம பக்கத்துப் பொலிசுக்குள்ளதான் போனது. வேற எங்கயும் தேட வாணாம்."

பொலிசில் ஆட்களை அதிகநாள் வைத்திருக்கமாட்டார்கள், லொறி வரும், வேறெங்கோ ஏற்றுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கே என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. "இங்கே இருக்கிறார்" என்று பொலிஸ் ஒருமுறை வாய்திறந்து சொல்லிவிட்டால் பிறகு ஆளை அவர்கள் காட்டியாகவேண்டும். "இல்லை" என்று சொன்னால்? இல்லாத ஆளை எங்கே கொண்டுபோனாலும் கேட்க இடமில்லை. உங்களுக்கு இருந்த வேலை அதுதான் மச்சாள். லொறி வருவதற்கு முதல், "இருக்கிறார்" என்ற ஒரு சொல்லை அவர்கள் வாயிலிருந்து எடுப்பது.

ஆண்கள் போய்க் கேட்க முடியாது. கேட்கப் போனவனைத் தேட இன்னொருவன் போகவேண்டி வரும். ஆகவே வீட்டின் தலைமைத் தளபதி என்ற முறையில் நான் குளியலறைக்குள் நிலைகொண்டேன். கதவிடுக்கால் போர்க்களத்தைக் கண்காணித்தேன். அந்த நாட்களில் கொழும்பின் எல்லாக் குளியலறைகளிலும் என்னைப்போல் ஒரு தளபதி இருந்தான். தெருவில் நடந்தது பெண்கள்தான்.

மேல்வீட்டு அன்ரி வந்து, "பிள்ளை, பொட்டை அழிச்சிட்டுப் போ" என்றா. தமிழ் என்று தெரியாமலிருக்க அப்போது எல்லாரும் செய்கிற காரியம் அது. நீங்கள் கண்ணாடியில் பார்த்தீர்கள். குங்குமச் சிமிழை எடுத்து, இருந்ததை இன்னும் கொஞ்சம் பெருப்பித்தீர்கள்.

"நான் ஆரெண்டு ஒளிச்சுப்போட்டு அவர் எங்கையெண்டு எப்பிடிக் கேக்கிறது?"

அந்தப் பொட்டு அன்று காலி வீதியில் சிக்னல் விளக்குமாதிரி எரிந்தது. பாணந்துறையிலிருந்து வந்த பஸ் எல்லாம் வரிசையாக நின்றுவிட்டன. சத்தியமாக.

பொலிஸ் வாசலில் நடந்ததைச் சொல்லும் முழுத்தகுதி எனக்கு உண்டு. நான் அங்கே இருக்கவில்லை. ஆகவே எல்லாம் துல்லியமாகத் தெரியும். வாசலில் ஒரு சார்ஜன்ட். அவர் மீசையின் இரண்டு முனையிலும் இரண்டு குருவி கூடு கட்டியிருந்தன. நீங்கள் வெள்ளவத்தைச் சந்தை மீன்காரனோடு பதினாறு வயசிலிருந்து சண்டைபிடித்தே சிங்களம் படித்தவர். உங்கள் சிங்களத்தில் மரியாதையும் இருக்கும், செதிலும் இருக்கும்.

"எஹெம கெனெக் மெஹெ நே, நோனா" என்றார் சார்ஜன்ட். அப்படி ஒருவர் இங்கே இல்லையாம்.

"சரி மாத்தயா, இல்லாட்டில் இல்லை. ஆனா இந்த வெயிலிலை சோத்தைத் திருப்பிக்கொண்டு போனால் பழுதாப்போடும். உள்ளை பசியோடை ஆர் இருந்தாலும் குடுங்கோ. கரியரை மட்டும் திருப்பித் தாங்கோ. அது என்ர சீதனத்தோடை வந்தது."

மூன்றடுக்குக் கரியர். சோறு, முருங்கைக்காய்க் குழம்பு, சூடைமீன் பொரியல். அண்ணனுக்கென்று கட்டிய சோறாக இருந்தால் சார்ஜன்ட் வாங்கியிருக்கமாட்டார். வாங்கினால் ஆள் இருக்கிறான் என்று ஆகிவிடும். ஆருக்கும் இல்லாத சோறு என்றபடியால் வாங்கினார். எதிர்ப்பக்கத்து வாகைமரத்தடியில் நீங்கள் நின்றீர்கள். பின்னேரம் கரியர் வெளியே வந்தது.

இனி நடந்ததற்கு நான் கதவிடுக்குச் சாட்சி. குசினி நிலத்தில் பழைய பேப்பரை விரித்தீர்கள். கரியரைத் திறந்து, உள்ளே இருந்த மிச்சத்தை அதில் கொட்டினீர்கள். பலர் சாப்பிட்ட மிச்சம். முள், சக்கை, கடித்த மிளகாய், எச்சில் ஊறிய சோறு. நீங்கள் குந்தியிருந்து, சேலைத்தலைப்பை இடுப்பில் செருகி, கையை உள்ளே விட்டீர்கள். உங்கள் கையை! செம்பை நாடுகடத்திய கையை! பல் எழுதிய எழுத்தை வாசிக்கிறமாதிரி நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தீர்கள்.

"இது பல்லில்லாத ஆரோ ஒரு வயசாளி... இந்த ஆள் முள்ளையும் சேத்துத் திண்டிருக்கு, பாவம், எத்தினை நாள் பசியோ... இது அவசரக்காரன்."

அடித்தட்டில், ஒரு ஓரத்தில், அந்தச் சக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. குறுக்கும் நெடுக்குமாக. கொட்டியும் குலையாமல்.

நீங்கள் அழவில்லை. தலையை நிமிர்த்திக் குளியலறைப் பக்கம் பார்த்துச் சொன்னீர்கள்: "மச்சான், வெளியிலை வாரும். விறகுகாலை திறந்திருக்கு."

அதே பேப்பரில் இன்னொன்றும் இருந்தது. ஆரோ ஒருவன் கடைசிப் பிடிச் சோற்றைத் தின்னாமல், எலுமிச்சம்பழ அளவில் உருட்டி, ஓரமாக வைத்திருந்தான். அத்தனை பசிக்குள் ஏன் மிச்சம் வைத்தான் என்று எங்களுக்கு விளங்கவில்லை. நீங்கள் அதை எறியாமல் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் வாகைமரத்தடியில் உங்களுக்குத் துணை கிடைத்தது. கொட்டாஞ்சேனை றீற்றா அக்கா. மகன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். கழுத்தில் செபமாலை, கையில் சோத்துப் பார்சல், அவவுக்கும் அதே பதில்: இங்கே இல்லை. நீங்கள் பக்கத்தில் போய்க் கேட்ட கேள்வியைக் கேட்டு முதலில் அவ உங்களைப் பைத்தியம் என்று நினைத்தாவாம்.

"அக்கா, உங்கட மகன் சாப்பிட்டா மிச்சம் எப்பிடி இருக்கும்?"

"என்ன புள்ள கேக்குற? சோறு மிச்சம் வைக்கிற சாதியா நாங்க?"

"மீன் திண்டால்?"

றீற்றா அக்கா யோசித்தாவாம். "மீனு தின்னா முள்ளு சீப்பு மாதிரி முழுசா வரும். தலையும் வாலும் அப்பிடியே இருக்கும். சின்னதுல தொண்டையில முள்ளு சிக்கி செத்துப் பொழச்சான். அதுலருந்து அப்பிடித்தான் திம்பான்."

அன்று பின்னேரம் எங்கள் குசினி நிலத்தில் இரண்டு பெண்கள் குந்தியிருந்தார்கள். சூடைமீன் ஒன்றின் முள், தலையும் வாலுமாக, ஒரு பல்லும் உடையாத சீப்பாக வந்தது. றீற்றா அக்கா அதை உள்ளங்கையில் வைத்து, நெற்றியில் சிலுவை போட்டு, "அந்தோணியாரே, எம்புள்ள உசுரோட இருக்கான்" என்றா. பிறகு ஒரு காரியம் செய்தா. அந்த முள்ளை உதட்டில் வைத்துக் கொஞ்சினா. பக்கத்தில் இருந்த நீங்கள், எச்சில் சட்டம் எழுதிய நீங்கள், முகத்தைச் சுளிக்கவில்லை.

அதற்குப்பிறகு எங்கள் வீட்டில் தொடங்கிய வரிசை தெஹிவளைப் பாலம் தாண்டியது. ஒருத்தி சொல்வாள், "இவர் கறிவேப்பிலையைக் கரையிலை ஒட்டி வைப்பார்." இன்னொருத்தி, "என்ர தம்பி செத்தல் மிளகாயை ரெண்டாக் கிள்ளி வைப்பான், மாமி." முகத்துவாரத்திலிருந்து ஒரு கிழவி வந்து, "நம்ம ஆளு வெத்திலை போடாம இருக்கமாட்டாரு, பாக்குத் தூளு பாருங்க" என்றா. எல்லாருக்கும் தங்கள் தங்கள் ஆண்களின் எச்சில் எழுத்து தெரிந்திருந்தது. காலம் முழுக்க அதைத் திட்டித் திட்டியே மனப்பாடம் செய்திருந்தார்கள்.

லொறி நாளைக்கு வருகிறது என்று நானா செய்தி கொண்டுவந்த அன்று நீங்கள் கரியரோடு மட்டும் போகவில்லை. பேப்பரோடு போனீர்கள். உங்களுக்குப் பின்னால் அத்தனை பேரும். நான் இல்லாததால் மிகத் தெளிவாகக் கண்ட காட்சி இது.

"ஒருவரும் இல்லையெண்டால் என்ர சோத்தை ஆர் சாப்பிட்டது, மாத்தயா?"

"நாங்கள் சாப்பிட்டோம்."

"சந்தோசம். எப்பிடி இருந்தது?"

"உப்புக் கொஞ்சம் குறைவு."

"இண்டைக்கு உப்புப் பாத்துப் போட்டிருக்கிறன்." கரியரைத் திறந்து ஒரு துண்டு முருங்கைக்காயை எடுத்து நீட்டினீர்கள். "சாப்பிட்டுக் காட்டுங்கோ."

சார்ஜன்ட் உங்களைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். மாட்டேன் என்றால் பயம் என்று ஆகிவிடும். வாயில் போட்டுச் சப்பி, நார் நாராக ஒரு உருண்டையாகத் துப்பினார். நீங்கள் அந்த உருண்டையையும் கையால் எடுத்து, பேப்பரில், அண்ணன் அடுக்கிய சக்கைக்குப் பக்கத்தில் வைத்தீர்கள்.

"இது நீங்கள். இது என்ர மனிசன். அந்தா, அந்த முள்ளு இந்த அக்காவின்ரை மகன். இது இந்தப் பிள்ளையின்ரை தம்பி. இப்ப சொல்லுங்கோ, உள்ளை ஆர் இல்லை?"

பெண்களில் ஆரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். றீற்றா அக்காவாகத்தான் இருக்கும். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பொலிஸ் வாசலில், துவக்குகளுக்கு முன்னால், சார்ஜன்ட் துப்பிய உருண்டையைப் பார்த்து அத்தனை பெண்கள் சிரித்த சத்தத்தில் கடல் ரயில் பாதைவரை பின்வாங்கியது. றத்மலானையில் இறங்கவேண்டிய விமானம் திரும்பிப் போனது. சார்ஜன்டின் மீசையிலிருந்து இரண்டு குருவியும் பறந்தன.

உள்ளேயிருந்து சார்ஜன்டுக்கு மேலான பெரியவர் வெளியே வந்தார். என்ன சத்தம் என்று கேட்டார். அவர் குனிந்து பேப்பரைப் பார்த்தார். அந்த அடுக்கைப் பார்த்தார். சார்ஜன்டைப் பார்த்தார்.

நீங்கள் அண்ணனின் பெயரைச் சொன்னீர்கள், முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. றீற்றா அக்கா மகனின் பெயரைச் சொன்னா. ஒவ்வொருத்தியாக, சத்தமாக, தெருவுக்குக் கேட்க, பெயர்களைச் சொன்னார்கள்.

"நாளை வாங்கோ. ஆட்களைப் பார்க்கலாம்" என்றார் பெரியவர்.

ஒரே ஒரு "பார்க்கலாம்". அந்தச் சொல்லால் இல்லாத ஆட்கள் எல்லாரும் இருக்கிற ஆட்களானார்கள். லொறி வந்தது. அவர்களை ஏற்றாமல் போனது.

சில கிழமைகளுக்குப் பிறகு அண்ணன் வந்தார். சட்டைக்குள் ஆளைத் தேடவேண்டியிருந்தது. றீற்றா அக்காவின் மகன் அதற்கு முந்தின கிழமை. ஊர்வலம், மேளம், யானை எல்லாம் இருந்தது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். யானை புறக்கோட்டையிலிருந்து வாடகைக்கு எடுத்தது என்றும் சொல்லியிருக்கிறேன். அன்று முதல்தடவையாக அண்ணன் சாப்பிட்ட கோப்பையை நீங்கள் கழுவினீர்கள். விறகை அடுக்கோடு பார்த்துவிட்டுக் கழுவினீர்கள்.

மச்சாள், இப்போது எனக்கும் ஒரு எழுத்து இருக்கிறது. எங்கே சாப்பிட்டாலும் செத்தல் மிளகாய்க் காம்புகளைக் கோப்பை ஓரத்தில் வட்டமாக வைப்பேன். உங்கள் மருமகள் கத்துகிறாள்: "மாமா, இதென்ன கோலம் போடுறியள்?" நான் சொல்வேன்: "பிள்ளை, இதை நல்லாப் பாத்து வை. ஒருநாள் என்னைக் காணாட்டில் தேட உதவும்." அவள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். கோப்பையைக் கழுவமுன் அவள் ஒரு கணம் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

அந்தக் கடைசிப் பிடிச் சோற்றுக்காரனைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். அவன் கனடாவில் ஏழு சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான் என்று ஒருநாள் சொல்வேன். மலைநாட்டில் தாயிடம் போய்ச் சேர்ந்தான் என்று இன்னொருநாள். எனக்குத் தெரியாது. வந்த பெண்களில் ஒருத்திகூட அந்த உருண்டையைத் தன்னுடையது என்று சொல்லவில்லை. உங்களுக்கும் கடைசிவரை தெரியாது. மாரிமழை தொடங்கிய நாட்களில் ஒருநாள், இங்கே இப்போது ஒருவரும் இல்லை என்று பொலிஸ் வாசலில் சொன்னார்கள். அன்று கரியர் முழுச்சோற்றோடு திரும்பி வந்தது. அந்தமுறை அவர்கள் பொய் சொல்லவில்லை என்று அதைத் தூக்கிப் பார்த்தே அறிந்தீர்கள்.

சரி. சபையோரே, மச்சாள் சார்பில் நானே வழக்கை ஒப்புக்கொள்கிறேன். கடல் பின்வாங்கவில்லை. விமானம் ஒழுங்காக இறங்கியது. யானை இல்லை. குருவி இல்லை. சார்ஜன்டுக்கு மீசையே இருந்ததோ தெரியாது. வாசலில் நடந்தது நீங்கள் நாலு வசனத்தில் சொன்னது. மிச்சமெல்லாம் என் உபயம். எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள்.

ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டவேண்டாம். அது என் கண்ணால் கண்டது, கதவிடுக்காலும் இல்லை. அண்ணன் வீட்டுக்கு வந்த மறுநாட்காலை. அவர் அறைக்குள் நித்திரை. குசினியில் சத்தம் கேட்டு வந்தேன். நீங்கள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"அண்ணைதான் வந்திட்டாரே. இது ஆருக்கு, மச்சாள்?"

நீங்கள் நிமிரவில்லை. "அந்த உருண்டை வைக்கிற பிள்ளைக்கு இன்னும் ஒருத்தரும் வரேல்லையே" என்றீர்கள்.

பிறகு கரியரை எடுத்து, அவர் எழும்பாமல் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு, அந்த வாசலுக்கே போனீர்கள். அது நடந்தது.